நாலாவது வரி

ஒரு முழு ஊரை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கிழக்கு மேற்காகத் திருப்பி வைத்திருக்கிறேன். கிணறு, களத்துமேடு, அம்மன் கோயில், ஏரிக்கரைப் பனைகள் என்று எதையும் விடவில்லை. அதே ஊரை மண்ணோடு வழித்தெடுக்க நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆறு மாடி உயர இயந்திரமும் மூன்று ஷிஃப்ட் ஆட்களும் வருஷக்கணக்கில் தேவைப்பட்டார்கள். எனக்கு மூன்று வரி போதுமாக இருந்தது. பக்கத்தில் வைத்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. நாலாவது வரி என்று ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். சுரங்க டவுன்ஷிப்பில் எனக்குப் பெயரே அப்படி. சோமசுந்தரம் ஒன்று சொன்னால் பாதியைத் தள்ளு, மீதியில் பாதியைப் புஷ்பவல்லியிடம் கேட்டுத் தள்ளு என்பார்கள். புஷ்பவல்லி என் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறாள். ஆனால் இதில் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை.

என்னிடம் ஒரு ஃபைல் இருக்கிறது. கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்க எடிட்டர் என்று ஒன்று உண்டல்லவா, அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைக்கிற செட்டிங்ஸ் ஃபைல். தொண்ணூறுகளில் ஆபீஸில் அதன் முதல் வரியை எழுதினேன். அன்றிலிருந்து வாரம் ஒரு வரி சேர்ப்பேன், அல்லது ஒரு வரியைத் தேய்த்து மெருகேற்றுவேன். எந்தச் சொல் எந்த நிறம், எந்தச் சாவி எந்த வேலை, எல்லாம் அதில் இருக்கும். மூன்று எழுத்து அடித்தால், ‘மழை காரணமாக மூன்றாவது ஷிஃப்டில் கன்வேயர் பெல்ட் நிறுத்தப்பட்டது’ என்று முழு வாக்கியமே வந்து உட்காரும். ஒரு ஐப்பசி முழுக்க என் விரல்கள் அந்த மூன்று எழுத்தைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் என் திரையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். வெக்கை தாங்காமல் கழற்றினார் என்று வைத்தி சொல்வான்.

வைத்திலிங்கத்தைத்தான் சொல்கிறேன். கம்மாபுரம் பக்கத்துக்காரன். அவனுடைய ஊர் சுரங்கத்துக்குப் போனது. நிலம் போனதற்கு அவனுக்கு வேலை வந்தது. நான் கரூர்ப் பக்கத்திலிருந்து பரீட்சை எழுதி வந்தவன். முப்பது வருஷம் ஒரே அறை, ஒரே ஃபேன். நான் விட்ட கதைகளை எல்லாம் முதலில் கேட்டவனும் முதலில் சிரித்தவனும் அவன்தான். ஒரே வருஷத்தில் ரிட்டயர் ஆனோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளியே இரண்டு வீடு தள்ளி வீடு கட்டிக்கொண்டோம்.

வைத்திக்கு ஒரு ஆசை இருந்தது. காணாமல் போன தன் ஊரை, இந்த வீட்டுக்கு அடுத்து இந்த வீடு என்று எழுதிவைக்க வேண்டும். ஊர்க்காரர்கள் திசைக்கொருவராகச் சிதறிப்போயிருந்தார்கள். நினைவில் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான் என்று எல்லோரும் அவனைத்தான் கைகாட்டுவார்கள். அதற்காக ஒரு லேப்டாப் வாங்கினான். ஒற்றை விரலால் கொத்திக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பதுபோல என் ஃபைலை அவனுக்குக் கொடுத்தேன். அவன் ஊர்ப் பேச்சுக்கென்று தனியாகச் சுருக்கெழுத்துகள் சேர்த்துக் கொடுத்தேன். மாதம் ஒருமுறை பென்டிரைவில் புதுசு கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவேன். ஆறே மாதத்தில் அவன் விரல்கள் உளுந்து பொரிவதுபோலப் பொரிந்தன.

இரண்டாயிரத்துப் பதினாலில் ஓய்வுபெற்றவர்கள் சங்கத்துக்கு மலர் ஒன்று போட்டோம். முழு மலரையும் வைத்தி ஒரே வாரத்தில் அடித்துக் கொடுத்தான். வெளியீட்டு விழாவில் சால்வை போட்டார்கள். மைக்கைப் பிடித்திருந்தவர் கேட்டார், “எப்படி சார் இவ்ளோ வேகம்?”

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து கும்பிட வசதியாகத் துண்டைச் சரிசெய்துகொண்டேன்.

வைத்தி கூச்சத்தோடு நெளிந்தான். “எல்லாம் பழக்கந்தாங்க,” என்றான்.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டியதாகப் புஷ்பவல்லி சொல்கிறாள்.

பழக்கம். இருபது வருஷம் நான் ஒவ்வொரு வரியாகச் செதுக்கியதற்கு அவன் வைத்த பெயர். திருடன்கூடப் பொருளைத்தான் எடுப்பான். செய்தவனின் பெயரை எடுக்க மாட்டான். முப்பது வருஷம் ஒரே ஃபேன் காற்றை வாங்கியவனுக்கு ஒரு வாய் வார்த்தை பஞ்சமாகிவிட்டது. நான் சண்டை போடவில்லை. சண்டை எனக்கு ஒத்துக்கொள்ளாது. அந்த மாதமும் வழக்கம்போலப் பென்டிரைவோடு போனேன்.

எடிட்டரை மூடும்போது இன்னின்னது செய் என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். வரிக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்று இடங்களைத் துடைப்பதற்காக முன்பே எழுதி வைத்திருந்தேன். வீடு பெருக்குவது மாதிரி, நல்ல பழக்கம். அதன் கீழே மூன்று வரி சேர்த்தேன். கிழக்கு என்பதை மேற்கு ஆக்கு. மேற்கு என்பதைக் கிழக்கு ஆக்கு. ஒருமுறை மூடினால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் செய். இந்த மூன்றாவது வரிதான் வேலைப்பாடு. அவசரக்காரன் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றி மாட்டிக்கொள்வான்.

பத்து நாள் கழித்து வைத்தி வந்தான். “யோவ் சோமு, கெணறு கெழக்கன்னுதான்யா நேத்து அடிச்சேன். இன்னிக்குத் தொறந்தா மேக்கன்னு கெடக்குது.”

“கை தவறியிருக்கும்.”

“ரெண்டு எழுத்து தவறலாம். தெசையே தவறுமா?”

“வயசாகுதுல்ல,” என்றேன். அப்போது அது ஒரு சமாதானத்துக்குச் சொன்னதுதான்.

திருத்தினான். மறுபடி மாறியது. மறுபடி திருத்தினான். சாதாரண ஊராக இருந்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “எந்த நாய்யா என் ஃபைல்ல கைவச்சது?” என்று கேட்டிருப்பான். அவன் போய் நின்று பார்க்க அங்கே ஊர் இல்லை. கிணறு இருந்த இடத்தில் கிணற்றைப் போல நூறு மடங்கு ஆழத்துக்குப் பள்ளம். அவனுக்கு இருந்ததெல்லாம் மண்டைக்குள் ஒரு ஊர், திரையில் ஒரு ஊர். திரையில் இருப்பதை அடித்தவனும் அவன்தான். ஒரு நாள் திருத்துவதை விட்டுவிட்டான்.

“மேக்காலதான் இருந்திருக்கும்யா,” என்றான் என்னிடம். “நான்தான் இத்தினி நாளா தப்பா நெனச்சுகினு இருந்திருக்கேன்.”

அன்றைக்குத்தான் ஊர் திரும்பியது. வீட்டுக்கு வந்து புஷ்பவல்லியிடம் இன்னொரு காபி கேட்டேன்.

நான் அத்தோடு விட்டிருப்பேன். உண்மையாகவே விட்டிருப்பேன். ஆனால் அவன் விடாமல் எழுதினான், அதே வேகத்தில், என் சுருக்கெழுத்துகளை வைத்துக்கொண்டு. ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு வரியாவது, நண்பன் சோமசுந்தரம் உதவியால் என்று வருமா என்று பார்த்தேன். வரவில்லை. அவனுடைய தங்கையைப் பற்றி வந்தது.

அந்தப் பெண்ணைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். நாலு வயதில் கிணற்றில் விழுந்து போய்விட்டாள். வைத்திக்கு அப்போது எட்டு. ‘பாப்பா விழுந்ததும் நான் ஓடினேன்’ என்று எழுதியிருந்தான். வயலில் இருந்த அப்பாவைக் கூப்பிடக் கால் கிழிய ஓடியிருக்கிறான். அவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அந்த ஓட்டத்தை முப்பது வருஷத்தில் என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரித்ததில்லை. நானும் அதை வைத்துக் கதை விட்டதில்லை.

நாலாவது வரி அதற்குத்தான். பாப்பா என்ற பெயர் இருக்கும் வரியில் ஓடினேன் என்று வந்தால், அதை நின்றேன் என்று ஆக்கு. ஒரு சொல். எழுதி முடித்து, அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று என் வீட்டில் இரண்டு முறை சோதித்துப் பார்த்த பிறகுதான் பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுபோனேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

அவன் அதைப் படித்த அன்று வீட்டுக்கு வரவில்லை. நானாகப் போனேன். லேப்டாப் திறந்தபடி இருந்தது. அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

“சோமு, நான் ஓடுனேன்ல? உன்கிட்ட சொல்லியிருக்கேன்ல?”

“சொன்ன மாதிரிதான் இருக்கு. எனக்கு அவ்வளவு சரியா ஞாபகம் இல்லய்யா.”

“நின்னுகினு இருந்தனா? அத மறைக்கத்தான் ஓடுனேன்னு சொல்லிகினு திரிஞ்சனா?”

“எட்டு வயசுப் பையன்தானே நீ. யாரும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டாங்க,” என்று தோளைத் தட்டிக் கொடுத்தேன். ஆறுதல் சொல்வதில் நான் குறை வைத்ததே இல்லை. அதன் பிறகு தினமும் போனேன்.

அவனுடைய சித்தப்பா மகன் சிங்காரவேல் ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது ஊர்ப் பேச்சு எழுந்தது. வைத்தி கிணற்றை மேற்கே சொன்னான், கோயிலைக் கிழக்கே சொன்னான். சிங்காரவேல் அடுப்படிக்குப் போய் வைத்தியின் மனைவி செங்கமலத்திடம், “அண்ணி, அண்ணனுக்குக் கெணறே எடம் மாறிப்போச்சு. டாக்டர்கிட்ட காட்டுங்க,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பாண்டிச்சேரியில் காட்டினார்கள். துணைக்கு நானும் போனேன். டாக்டர் கேட்டதற்கெல்லாம் வைத்தி சரியாகத்தான் பதில் சொன்னான். ஆனால் ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும், “அப்பிடித்தானே?” என்று செங்கமலத்தின் முகத்தைப் பார்த்தான். இன்றைக்கு என்ன கிழமை, வியாழன், அப்பிடித்தானே. உங்க மகள் பேர் என்ன, எழில்மதி, அப்பிடித்தானே. டாக்டர் மாத்திரை எழுதினார். மொபெட் சாவியைச் செங்கமலம் வாங்கிப் புடவை முந்தியில் முடிந்துகொண்டாள். அவன் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய அட்டை ஒன்று வந்தது. லேப்டாப் பீரோவுக்குள் போனது. மாத்திரை அவனை எந்நேரமும் தூங்கவைத்தது. விழித்திருக்கும் நேரத்தில் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

தெருவே பேசியது. எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள். வயசு சார். வயசானா இப்படித்தான். புஷ்பவல்லிகூட, “வயசு யாரை விட்டுச்சு?” என்றாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதலில் பழக்கம் என்றார்கள். இப்போது வயசு என்கிறார்கள். இரண்டையும் செய்தது யார்? மனசாட்சி என்னை உட்காரவிடவில்லை. இரண்டாயிரத்துப் பதினேழு தை மாதத்தில், இனியும் மறைக்கக் கூடாது என்று எழில்மதியிடம் போனேன்.

எழில்மதி வைத்தியின் ஒரே மகள். பண்ருட்டியில் ஒரு பாங்கில் வேலை. ஒவ்வொரு ஞாயிறும் வந்து அப்பாவுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுப் போவாள். கூடத்தில் உட்கார்ந்து ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே உங்களுக்குச் சொன்ன மாதிரியே, ஒரு சொல் கூட்டாமல்.

அவள் அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, உங்க மனசு யாருக்கு வரும்? அப்பாவுக்கு ஒண்ணுமில்லன்னு எங்கள நம்பவைக்க, இப்படி ஒரு பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்களே.”

“இல்லம்மா. நெசமா நான்தான்.”

“நான் சின்னப் புள்ளையா இருக்கச்சே, முதலைய சைக்கிள் கேரியர்ல கட்டிக் கொண்டாந்தேன்னு சொன்னவர்தானே நீங்க?” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அப்பா உங்கள எவ்ளோ மதிச்சாரு தெரியுமா? மலர் விழா அன்னிக்கு வூட்டுக்கு வந்து ஒரே பொலம்பல். ‘சோமு பேரு தொண்டை வரைக்கும் வந்துச்சு, எங்கயும் எம்பேரச் சொல்லாதன்னு கேட்டுகினவன் ஆச்சே, வாய மூடிகினேன்’னு.”

சொல்லியிருந்தேன், வாஸ்தவம்தான். ஃபைலைக் கொடுத்த அன்று, “என் பேரையெல்லாம் எங்கேயும் சொல்லிக்கிட்டு இருக்காதய்யா,” என்று சொல்லித்தான் கொடுத்தேன். காபி வேண்டாம் என்று விருந்தாளி சொன்னால், சரி என்று யாராவது டம்ளரை உள்ளே எடுத்துக்கொண்டு போவார்களா? முப்பது வருஷம் பழகியவனுக்கு அது தெரிய வேண்டாமா? அதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

“பீரோவத் தொற,” என்றேன்.

லேப்டாப்பை எடுத்து வந்து வைத்தாள். என் மனசு நோகக் கூடாதே என்றுதான் எடுத்தாள், முகத்திலேயே தெரிந்தது. புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தேன். “அப்பா எழுதுனத நீயே அடிம்மா.” அவள் ஒற்றை விரலால் அடித்தாள். பாப்பா விழுந்ததும் நான் ஓடினேன். “இப்ப மூடு,” என்றேன். மூடினாள். “தொற.”

திறந்தாள்.

கொஞ்ச நேரம் அவள் திரையைப் பார்த்தாள். அழித்துவிட்டு மறுபடி அடித்தாள், மூடினாள், திறந்தாள். மூன்றாம் முறையும் செய்தாள். பாங்கில் வேலை பார்ப்பவள், எதையும் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். நிறங்கள் எவ்வளவு இதமாக இருக்கின்றன என்று அவள் கவனிப்பதாகவே எனக்குப் பட்டது. உள்ளறையில் வைத்தி தூக்கத்தில் யாரையோ கூப்பிட்டான். அவள் அந்தக் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தோளில் கிடந்த ஈரத் துண்டு தரையில் விழுந்ததை அவள் எடுக்கவில்லை.

“நீங்க சொன்னது நடந்திருக்கு,” என்றாள். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். “எங்கப்பா ஓடித்தான் இருக்காரு. நீங்கதான் மாத்தியிருக்கீங்க. சோமசுந்தரம், நீங்கதான்.”

பழக்கம் என்றோ வயசு என்றோ அவள் சொல்லவில்லை. நான் எழுந்து கும்பிட்டேன்.