அண்ணிக்கு மறைத்த ஸ்டேட்டஸ்

ஏம்மா, பின்வரிசை... பேச்சு கொஞ்சம் நிக்கட்டும். ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைச் சொல்லிட்டு மேல போறேன். பெரிய முதல் இல்லாம வீட்லேர்ந்தே ஆன்லைன்ல எப்படி வியாபாரம் பண்றதுன்னு காலையிலேர்ந்து எல்லாரும் சொல்லிட்டாங்க. படம் எப்படி எடுக்கணும், ரேட் எப்படிப் போடணும்... எல்லாம் ஆச்சு. இதை மட்டும் யாரும் சொல்லலை.

துறையூர்ல வளர்மதின்னு ஒரு பொண்ணு. வீட்டுக்காரர் டெம்போ ஓட்டறவர், முதுகு போயி படுத்துட்டார். இவ கையில என்ன இருக்கு? கல்யாணச் சீரா வந்த தையல் மெஷின். திரை உடைஞ்ச ஒரு போன். அவ்வளவுதான். பொறந்த குழந்தைக்குப் போடற ஜபலா தைப்பா. பிஞ்சு உடம்புல தையல் உறுத்தாம அவ்வளவு பதமா தைப்பா. அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடலாம்னு முடிவு பண்ணா.

உடனே அவங்கம்மா போன் போடுது.

"அடியே, போடறதுதான் போடற... உங்க அண்ணி கண்ணுல மட்டும் படாம போடு. பிள்ளை இல்லாதவ. குழந்தைத் துணியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டான்னா போச்சு, வியாபாரம் படுத்துக்கும்!"

யாரைச் சொல்றாங்க? கரூர்ல இருக்கற மருமகளை. சகுந்தலாவை. வளர்மதியோட ரெண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரி வராண்டாவுலேயே கிடந்தவ அந்த சகுந்தலாதான். பெத்த தாய்க்கு மூட்டு வலி, வரலை. அண்ணி வந்தா, பீத்துணி அலசினா. அவளுக்குத்தான் பொல்லாத கண்ணாம்!

வளர்மதி என்ன பண்ணா? "போம்மா, வாயைக் கழுவு"ன்னு சொன்னாளா? சொல்லலை... போனை எடுத்தா. அண்ணி பேரைத் தேடி, ஸ்டேட்டஸ் தெரியாதபடி மறைச்சா. அண்ணியே போன் பண்ணி, "என்னடி பண்ற? எதாச்சும் தைக்கிறியா?"ன்னு கேட்டப்பகூட, "சும்மாதான் அண்ணி இருக்கேன்"னு சொல்லிட்டா. என்ன சிரிக்கிறீங்க? உங்க போன்ல நீங்க யாரையும் மறைக்கலையா?

சரி. ஸ்டேட்டஸ் போட்டாச்சு. சொந்தக்காரங்க எல்லாம் ஹார்ட் போட்டாங்க. சூப்பர்னு போட்டாங்க. வாங்கினது? ஒருத்தரும் இல்ல. மெஷினை வித்துடலாம்னு நினைச்ச நேரத்துல ஒரு ஆர்டர்... கரூர்லேர்ந்து நூர்ஜகான்னு ஒரு அம்மா. அடுத்த மாசமும் அவங்க. அதுக்கடுத்த மாசமும் அவங்க. அவங்க சொல்லி இன்னும் நாலு பேர். வளர்மதி அவங்க பேரைச் சொல்லித்தான் துணியில கத்திரிக்கோலையே வைப்பா. "நூர்ஜகான் அக்கா கை ராசி"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சா.

ஒருநாள் கரூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவ, அந்த அக்காவை நேர்ல பார்த்துட்டு வரலாம்னு ஸ்வீட் பாக்ஸோட போயிட்டா.

"அக்கா, இவ்வளவு ஜபலா வாங்கறீங்களே, வீட்ல பேரப்பிள்ளைங்க நிறையவோ?"

"எனக்கா? ஐயோ, என் பொண்ணுங்க ரெண்டும் இன்னும் காலேஜ் போகுதும்மா! இது எங்க கம்பெனில கூட வேலை பாக்கற சகுந்தலாவுக்கு. அவதான் உன் நம்பரே குடுத்தா. கம்பெனில எவளுக்குக் குழந்தை பொறந்தாலும் முதல்ல ஜபலாவோட நிக்கறது அவதான். 'நல்லாத் தைக்கிற பொண்ணுக்கா, நாமதான் தூக்கி விடணும்'பா. ஏம்மா... ஏன் அழற?"

எப்படி ஓடினாளோ தெரியலை, அண்ணி வீட்டு வாசல்ல போய் நின்னா. அண்ணி கதவைத் திறந்தா. அழற முகத்தைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. தண்ணி குடுத்தா. காபி போட்டுக் குடுத்தா.

"உங்க அண்ணன் போன்ல பார்த்தேன் வளரு. மஞ்சள் ஜபலா, அதுல சின்னதா வாத்து போட்டிருந்த. அழகா இருந்துச்சு. என் போனை எடுத்துப் பார்த்தேன்... காணோம். நெட்டுதான் இல்லையோன்னு ஆஃப் பண்ணி, திரும்ப ஆன் பண்ணிப் பார்த்தேன். அப்பவும் காணோம். அப்புறம்தான் புரிஞ்சுது."

"ஏன் அண்ணி என்கிட்ட கேக்கலை? உங்க பேர்லயே வாங்கியிருக்கலாமே அண்ணி..."

"என் பேர்ல வாங்கினா, ஒவ்வொரு துணியையும் நீ பயந்துக்கிட்டே தைப்ப. அதான் நூர்ஜகான் பேர்ல வாங்கினேன்."

கேட்டீங்களா?... பயந்துக்கிட்டே தைப்பாளாம். அதுக்காகத் தன் பேரை மறைச்சுக்கிட்டாளாம். இவ மறைச்ச அந்தப் பேரை!

வளர்மதி தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டே போனை எடுத்தா. "இப்பவே மாத்திடறேன் அண்ணி, இனிமே எல்லாமே உங்களுக்குத்தான் முதல்ல."

அண்ணி அவ கையைப் பிடிச்சா. "வேண்டாம் வளரு. இப்ப காட்டினா, எனக்காகப் பாவம் பார்த்துக் காட்டற மாதிரி இருக்கும். எனக்கு அது வேண்டாம்... காபி ஆறுது, குடி."

அவ்வளவுதாங்க கதை. வியாபாரம் நிக்கலை, இன்னைக்கும் ஓடுது. நூர்ஜகான் பேர்ல ஆர்டரும் வருது. ஆனா அண்ணி மட்டும் "என்னடி பண்ற"ன்னு கேட்டு போன் பண்றதில்லை. வளர்மதி பண்ணா எடுக்கறாங்க. சௌக்கியம் கேக்கறாங்க. வச்சிடறாங்க.

அம்மா, உங்களைத்தான் சொல்றேன். கையில காசு இல்லாம தொழில் ஆரம்பிக்கிறீங்க, நல்லா வருவீங்க. ஆனா காசு இல்லாதவளுக்கு முதல் எது? அவ மேல அக்கறை வச்ச நாலு மனுஷங்க. அந்த முதலைத்தான் நாம கண்ணு பட்டுடும், வயிறு எரியும்னு சொல்லி முதல் வேலையா மறைச்சு வைக்கிறோம். நாம மறைச்சது அவங்களுக்குத் தெரியாதுன்னு வேற நினைக்கிறோம்! இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், நீங்க மறைச்சு வச்ச ஆளுக்கு நீங்களே போன் பண்ணுங்க. அவங்களா கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி பண்ணுங்க. கண்டுபிடிச்ச பிறகு பண்ணாலும் எடுப்பாங்க... நல்லாத்தான் பேசுவாங்க... அந்த நல்ல பேச்சைத்தான் தாங்க முடியாது.