பெரியப்பாவ யாரும் தேடல

— அதெல்லாம் இருக்கட்டும், உன் பெரியப்பா கத என்னாச்சு? இன்னும் யாரும் கத்தலையா?

— ஒரு ஈ காக்கா கத்தல. அணைச்சுப் போட்டு இன்னியோட ரெண்டு வாரம் ஆச்சு. போன் இல்ல, மெயில் இல்ல, அய்யய்யோ என் வேல நின்னு போச்சேன்னு கதவத் தட்டுறவங்க யாருமில்ல. ஆமா, நீங்க என்ன இந்நேரத்துல முழிச்சிட்டிருக்கீங்க? ராத்திரி பூரா வார்டுல நின்ன மனுஷன், மத்தியானம் கொஞ்சம் கண்ணசர வேணாமா?

— தூக்கம் வரல. ஏம்மா, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னுதான்...

— ஒரு நிமிஷம் இருங்க, ஒரு நிமிஷம். இங்க மாமியாருக்கு மறுபடியும் மூச்சு வாங்குது. இரு தாயே, இரு, எதுக்கு இப்படி முக்குற... ஆங், எந்திரிச்சிடுச்சு.

— எங்கம்மாவையா சொல்ற?

— உங்கம்மாவ நான் ஏன் சொல்லப் போறேன்? இது சம்பளம் போடுற சர்வர். எனக்கு முன்னாடி இந்த நாற்காலில உக்காந்திருந்த புண்ணியவான் எல்லா மெஷினுக்கும் சொந்தக்காரங்க மொறையா பேரு வெச்சுட்டுப் போயிட்டாருல்ல, அதுல ஒண்ணு. எதக் கேட்டாலும் அர மணி நேரம் கழிச்சுத்தான் பதில் சொல்லும். உங்கம்மா நாம கேக்குறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிடுவாங்க. ரெண்டும் ஒண்ணா?

— சரிதான். எல்லாம் ஒரே பெட்டிக்குள்ளதான இருக்குன்னு சொல்லுவ?

— பெட்டி ஒண்ணே ஒண்ணுதான். உள்ள நாப்பது குடித்தனம். ஒண்ணையும் கையால தொட முடியாது, கண்ணால பாக்க முடியாது, எல்லாம் பாவனை மெஷினு. ஆனா ஒவ்வொண்ணும் இந்த வீடு முழுக்க எனக்குத்தான்னு நெனச்சுட்டு இருக்கும். பக்கத்து ரூம்ல யாரு வந்தா, யாரு காலி பண்ணிட்டுப் போனா, ஒண்ணுக்கும் தெரியாது.

— அப்படியா சேதி.

— என்ன, குரலே சரியில்ல? சளி புடிச்சிருக்கா?

— இல்ல. நான் என்ன சொல்ல வந்தேன்னா...

— இருங்க, எங்க மேனேஜர் கதவுல நிக்கிறாரு.

— என்னம்மா, பெரியப்பா இன்னும் ஜம்முனு உக்காந்திருக்காரு? புது மெஷினுக்கு எடம் வேணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல? சட்டுபுட்டுனு அழிச்சு விடும்மா.

— சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடறேன் சார்.

— நேத்தும் இதத்தான் சொன்ன. முந்தாநேத்தும் இதத்தான் சொன்ன. யாராச்சும் கேட்டாங்களா?

— கேக்கல சார்.

— ஒவ்வொரு டிபார்ட்மெண்ட்டா நேர்ல போய் நீ கேட்டியா?

— மெயில் போட்டேன் சார்.

— மெயில எவன் படிக்கிறான்? சரி, எவனும் கத்தலன்னா எவனுக்கும் வேணாம்னு அர்த்தம். போன பேசி முடி, சட்டுபுட்டுனு வேலயப் பாரு.

— சரிங்க சார்... ம், போயிட்டாரு. கதவுல தலைய மட்டும் நீட்டி திட்டிட்டுப் போறதுக்குன்னே அவருக்கு ஒரு சம்பளம். உடம்ப நான் இன்னிக்கு வரைக்கும் முழுசாப் பாத்ததில்ல.

— அழிச்சிட வேண்டியதுதான? ஏன் இழுத்தடிக்கிற?

— ஏங்க, சின்னம்மாவ மறந்துட்டீங்களா? போன வருஷம் இதே மாதிரிதான. அணைச்சுப் பாத்தோம், யாரும் கத்தல, அனாதைன்னு அழிச்சுட்டேன். கடைசில பாத்தா அது வருஷத்துக்கு ஒரே ஒரு தடவ, கணக்கு முடிக்கறப்ப மட்டும் கண்ணு முழிக்கிற மெஷினாம். கணக்குப் பாக்குற அம்மா இங்க வந்து, என் மேஜைய புடிச்சிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.

— ஞாபகம் இருக்கு. நீயும் ரெண்டு நாள் சாப்பிடல.

— மெஷின் இருந்த நெலமைய அப்படியே நகல் புடிச்ச மாதிரி ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சிருக்கோமே, திருப்பிக் கொண்டாந்துடலாம்னு தெம்பா இருந்தேன். மெஷின அழிச்சா அதோட ஸ்னாப்ஷாட்டும் சேந்து போயிடும்னு பச்சப் புள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியாம போச்சு. தெரியாமன்னு இல்ல, நெனப்பு இல்லாம போச்சு. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வீட்டுக்குப் போயிடலாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க.

— அப்ப பெரியப்பாவும் அப்படி ஒரு மெஷினா இருந்துட்டா?

— அதுக்குத்தான் இவ்ளோ பயம். அழிச்சா என் வேல போனாலும் போகும். அழிக்கலன்னா இவரு தலைய நீட்டிக்கிட்டே இருப்பாரு.

— எங்க வார்டுல நேர் எதிரா இருக்கும்மா. மணி அடிக்கிற பேஷண்ட்ட பத்தி பயமே இல்ல. கத்துறாரு, திட்டுறாரு, தண்ணி கேக்குறாரு, அப்ப நல்லாத்தான் இருக்காரு. ராத்திரி பூரா மணியே அடிக்காம ஒருத்தர் படுத்திருந்தா, டியூட்டி மாறினதும் நாங்க மொதல்ல போய்ப் பாக்குறது அவரத்தான்.

— ம்.

— சத்தம் வரலன்னா வேணாம்னு அர்த்தம் இல்லம்மா. கத்துறதுக்குத் தெம்பில்லன்னு கூட அர்த்தம் இருக்கலாம்.

— தத்துவமெல்லாம் பேசறீங்க இன்னிக்கு. பொதுவா நீங்க பேசறதே 'ம்'மு, 'சரிதான்', 'அப்படியா சேதி', இந்த மூணுதான.

— அந்த 'ம்'மையும் நீதான கேக்குற. தெனம் ராத்திரி சாப்டீங்களான்னு ஒரு மெசேஜ் போடற. நான் 'ம்'னு போடறேன். அவ்வளவுதான நம்ம பேச்சு?

— அது போதாதா? நானும் காலைல ஓடறேன், நீங்க ராத்திரி ஓடறீங்க. ஞாயித்துக்கெழம கூட இந்த சர்வர் மாத்துற வேலைல நான் இங்கதான் கெடக்கேன். பதில் வந்துச்சுன்னா இருக்கீங்கன்னு அர்த்தம்.

— நீயே ஒரு தடவ சொல்லிருக்க. மெஷின பாத்து இருக்கியான்னு கேப்பீங்களாம், அது இருக்கேன்னு சொல்லுமாம். ஸ்க்ரீன்ல பச்ச வெளக்கு எரியுமாம். உள்ள அது செத்து ரொம்ப நாளாகியிருக்கும்னு நீதான் சொன்ன.

— எதையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கீங்க பாருங்க! நான் சொன்னதெல்லாம் காதுல வாங்கலன்னுல்ல நெனச்சேன். சரி, அத விடுங்க. ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன், இப்பல்லாம் உங்க தட்ட நீங்களே கழுவி வெச்சிடறீங்க, ரொம்ப நல்ல பழக்கம். சிங்க்குல என் தட்டு மட்டும்தான் கெடக்கு. பால்தான் மிச்சமாகுது. காபிய கொறச்சிட்டீங்களா? நல்லதுதான். வயித்துக்கு ஆகாதுன்னு எத்தன தடவ தொண்டத் தண்ணி வத்த கத்திருக்கேன்.

— ஏம்மா, நான் சொல்றத கொஞ்சம்...

— அந்த வாசல் வெளக்கு வேற ரெண்டு தடவ மினுக்குச்சு, நானே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டிட்டேன். உங்கள எதிர்பாத்தா நடக்குமா?

— ஒரு நிமிஷம் என்னப் பேச விடறியா?

— விடறேன், விடறேன். ஒரே நிமிஷம், மறுபடியும் தல தெரியுது கதவுல.

— என்னம்மா, முடிஞ்சுதா?

— இல்ல சார். அழிக்கல.

— என்னது?

— இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் சார். நாளைக்குக் காலைல ஒவ்வொரு ரூமா நானே நடந்து போய்க் கேக்குறேன். யாராச்சும் முகத்தப் பாத்து வேணாம்னு சொல்லட்டும், அப்புறம் அழிக்கறேன். புது மெஷினுக்கு மாமியார் பக்கத்துலேர்ந்து எடம் ஒதுக்கித் தரேன்.

— எடம் பத்தலன்னு மேல கேட்டா நீதான் பதில் சொல்லணும்.

— நானே சொல்லிக்கறேன் சார்... ஷ்ஷ், போயிட்டாரு. பாருங்க, உங்க வார்டு கத கேட்டுத்தான் மனசு மாறிச்சு.

— பெரியப்பாவுக்கு குடுத்து வெச்சிருக்கு.

— ஏன் அப்படி சொல்றீங்க?

— அவருக்காவது நடந்து போய்க் கேக்குறேன்னு சொன்னியே.

— சரி சரி, சாயங்காலம் சீக்கிரமா வந்துடறேன். நீங்க டியூட்டிக்குக் கெளம்புறதுக்குள்ள...

— நான் வீட்டுல இல்ல.

— கடைக்குப் போயிருக்கீங்களா?

— ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம் எடுத்திருக்கேன். நீ பெரியப்பாவ அணைச்ச அன்னைக்கு, எப்படி அணைக்கறது, எப்படிக் காத்திருந்து பாக்கறதுன்னு சிரிச்சிக்கிட்டே போன்ல சொன்ன பாரு, அன்னைக்கே பைய எடுத்துட்டு வந்துட்டேன். நானும் அணைச்சுட்டுப் பாப்போம், நீ எப்ப கத்துறன்னு பாப்போம்னு. தெனமும் போன கையில வெச்சிட்டே இருந்தேன். சாப்டீங்களான்னுதான் வந்துச்சு. எங்க இருக்கீங்கன்னு ஒரு நாள் கூட வரல. ரெண்டு வாரம்மா. ரெண்டு வாரம் யாரும் கத்தலன்னா உங்க ஆபீஸ்ல அழிச்சிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். அதச் சொல்லத்தான் கூப்புட்டேன். இருக்கியா?

— இருக்கேன்.

— ஏதாச்சும் சொல்லு.

— மொத நாள் காலைலயே தெரியும். உங்க பிரஷ் இல்ல, டியூட்டி செருப்பு இல்ல. எங்க இருக்கீங்கன்னு கேட்டா இனிமே திரும்பி வரமாட்டேன்னு சொல்லிடுவீங்களோன்னுதாங்க தெனமும் சாப்டீங்களான்னு மட்டும் கேட்டேன்.