கிருமியைக் கண்டுபிடித்து மனிதரைக் காத்த எங்கள் ஆய்வக அக்காவுக்கு

கண்ணுக்குத் தெரியாததைக் கண்டறிந்து, கண்டதைக் கலங்காமல் சொல்லி, சொன்னதில் ஒருநாளும் சோடை போகாத எங்கள் ஆய்வகத்து அக்காவே! வணக்கம்!

பிறர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த மேசையில் முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் அமர்ந்தீர்கள். சீதபேதியா, குடற்புழுவா, வெறும் அஜீரணமா என்று மருத்துவர்கள் மயங்கியபோதெல்லாம், மலத்தின் சிறு துளியில் விடை கண்டு மருந்துக்கு வழி சொன்னீர்கள்.

ஆயினும் எங்கள் நெஞ்சில் நிற்பது அந்த மழைக்காலமே! செவிலியர் விடுதியில் பதினொரு பெண்கள் அடுத்தடுத்து டைபாய்டு காய்ச்சலில் விழுந்தனர். தண்ணீரைச் சோதித்தீர்கள், சுத்தம். மிச்சம் சமையலறை. அங்குள்ள எல்லோரும் மல மாதிரி தர வேண்டும் என்று நீங்கள் சொன்னதும் விடுதிச் சமையற்காரர் வெடித்தார்.

"சமைக்கிறவன்கிட்ட வந்து கேக்குற பொருளாம்மா இது? மானம் போகுது!"

"இதுல என்னண்ணே மானம்? முதல் குப்பி என்னோடது. பேர் ஒட்டியாச்சு, பாருங்க" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டார், குப்பியையும் வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. காய்ச்சலோ களைப்போ அறியாத அந்த மனிதரின் குடலில்தான் கிருமி குடியிருந்தது. அவரை வேலையிலிருந்து நீக்கும் ஆணை தயாரானது. கதவைக்கூடத் தட்டாமல் அதிகாரியின் அறைக்குள் நுழைந்தீர்கள். "கிருமியை வெளிய அனுப்ப மாத்திரை இருக்கு சார். ஆளை அனுப்பிட்டா, அவர் கிருமியோட வேற சமையலறைக்குத்தான் போவார்" என்றீர்கள். ஆணை கிழிந்தது!

நான்கு வாரம் மாத்திரை. அதுவரை அவர் கையில் கரண்டிக்குப் பதில் துணிக்கிடங்கின் சாவி. பின்பு வாரம் ஒன்றாக மூன்று சோதனைகள். கிருமி வளர்த்துப் பார்க்கும் மூன்றாவது தட்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தாழ்வாரத்தில் ஓடி வந்தீர்கள்: "அண்ணே, ஒண்ணும் முளைக்கல!"

அவர் சுவரோரம் அப்படியே உட்கார்ந்து அழுதார். பதினொரு பெண்களும் அதற்குள் தேறிப் பணிக்குத் திரும்பியிருந்தனர். எங்கள் எல்லோருக்கும் அன்றுதான் மூச்சு வந்தது. சமையலறை வாசலில் சோப்போடு கைகழுவும் தொட்டி கட்டவைத்தீர்கள். அக்காய்ச்சல் விடுதியில் மீண்டும் தலைகாட்டவில்லை.

ஓயாது உழைத்த கண்களும், குனிந்தே இருந்த கழுத்தும் இனி ஓய்வு கொள்க! உண்டது செரித்து, உறக்கம் நிறைந்து, நோயின்றி நெடுங்காலம் வாழ்க! நாளை உங்கள் நாற்காலியில் அமரப்போகும் பெண் கெட்டிக்காரிதான். இருந்தாலும் சந்தேகம் என்று வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவோம். ஃபோனை மட்டும் எடுத்துவிடுங்கள், அக்கா!

என்றும் உங்கள் அன்புக்குரிய
ஆய்வகத்தார், செவிலியர், சமையலறையினர்