முதுகு காட்டும் வாத்துகள்

— அவங்க திட்டியிருந்தாக்கூட பரவால்லைங்க. திட்டவே இல்ல. அதான் எனக்குத் தாங்கல.

— பஸ் ஏறிட்டியா மெஹக்?

— ஏறி எவ்ளோ நேரமாவுது! ஓசூர்ல ஏறுனேன், கிருஷ்ணகிரியே தாண்டியாச்சு. இவ்ளோ நேரம் நான் யார்கிட்டங்க பேசிக்கிட்டிருந்தேன்? காதுல விழுதா இல்லையா?

— இரைச்சலா இருந்துச்சு. இப்பக் கேக்குது. சொல்லு.

— பர்சு பூராவும் திருப்பிக் குடுத்துட்டாங்க அந்தக் கொரியாக்காரம்மா. மூட்டையா மடிமேல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

— பூராவுமா?

— ஒண்ணுகூட வச்சுக்கல. யூன் அம்மா ஒண்ண எடுத்து மேசை மேல வச்சாங்க, பாத்தாங்க, கவுத்து வச்சுட்டாங்க. அப்பறம் மூட்டையில இருந்து இன்னொண்ணு, இன்னொண்ணு. எல்லாத்தையும் கவுத்து வச்சாங்க. இத எப்படி என் மக கல்யாணத்துல குடுப்பேன்னு மட்டும் கேட்டாங்க.

— ஏன்? தையல் விட்டுருச்சா?

— தையல் கல்லு மாதிரி இருக்குது. வாத்துதாங்க பிரச்சன.

— வாத்துக்கு என்ன? நீ வரஞ்சதப் பாத்துட்டு நம்ம அலீனா அதுக்குப் பொரி போடட்டுமான்னு கேட்டுச்சே.

— வரஞ்சதுல கொறையில்ல. கேளுங்க. ஆண் வாத்து ஒரு தோல்ல, பொட்ட வாத்து ஒரு தோல்ல, தனித்தனியா வரஞ்சு உங்ககிட்ட குடுத்துட்டு நான் ஏரியூர் கல்யாணத்துக்கு மருதாணி போடப் போயிட்டேன். நீங்க ரெண்டையும் நடுவுல சேத்துத் தச்சு, மூட்டையையும் கட்டி வச்சுட்டீங்க. எப்படிச் சேத்தீங்க?

— மூக்கு ரெண்டும் வெளிப்பக்கம் வர்ற மாதிரி.

— அதாங்க. வாலும் வாலும் ஒட்டிக்கிட்டு நிக்குது. அவங்க ஊர்ல கல்யாண வாத்துன்னா மூஞ்சியும் மூஞ்சியும் பாத்துக்கணுமாம். முதுகு காட்டி நின்னா புருசன் பொண்டாட்டிக்கு ஒத்துவரலன்னு அர்த்தமாம். ரெண்டு புறங்கையையும் இப்படி ஒட்டிக் காட்டுனாங்க. எனக்குப் புரியலைன்னு நெனச்சு, "டைவர்ஸ், டைவர்ஸ்"னு வேற சொன்னாங்க. அழுகையே வந்துருச்சு எனக்கு.

— யா அல்லா.

— நீங்க எதுவும் மனசுல வச்சுக்காதீங்க.

— செருப்புக் கை, மெஹக். செருப்புல பக்கிள் வெளிப்பக்கம்தான் வரணும். உள்பக்கம் வந்துட்டா நடக்கறப்ப ஒண்ணோட ஒண்ணு ஒரசிக்கும். மீச மொளைக்கறதுக்கு முன்னாடி இருந்து அப்படித்தான் தக்கிறேன். நீ குடுத்த தோலு ஜோடியா இருந்துச்சு. ஜோடின்னதும் கை தானா மூக்க வெளிய திருப்பிருச்சு. நான் யோசிக்கக்கூட இல்ல.

— நானும் சொல்லலையே. ரெண்டும் பாத்துக்கணும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வாத்துன்னா பாத்துக்காம என்ன பண்ணும்னு இருந்துட்டேன்.

— வுடு. உலகத்துல எவனாச்சும் இப்படிச் செய்வானா? கல்யாண வூட்டுக்குக் குடுக்கற பொருள்ல செருப்பு பக்கிள வச்சவன் நானாத்தான் இருப்பேன்.

— ஐயோ, சிரிக்க வைக்காதீங்க. பக்கத்து சீட்டம்மா பாக்கறாங்க.

— நான் சிரிப்புக்குச் சொல்லல.

— தெரியும்ங்க. மொத மொத அந்தப் புலி போட்ட கைப்பையக் கொண்டுபோனப்ப எப்படிச் சிரிச்சாங்க தெரியுமா? மின்ஹ்வாவுல, அதான் அவங்க வூட்டுச் சுவத்துல மாட்டற அந்தப் படத்துல, புலி இப்படித்தான் அசடு வழிய முழிக்குமாம். உனக்கு எப்படிம்மா இது வந்துச்சுன்னு என் கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. மருதாணி போட்ட கை, கோடு தானா வருதுன்னேன். இன்னைக்கு என் கையத் தொடவே இல்ல.

— மாசாமாசம் பை ஆர்டரு குடுக்கறேன்னாங்களே, அது?

— அதப் பத்திப் பேசலைங்க.

— பேசலையா, இல்லன்னுட்டாங்களா?

— பேசல. கேளுங்க, வழி இருக்குது. பஸ் ஏறுனதுல இருந்து அதையேதான் யோசிச்சுக்கிட்டு வரேன். நடுத் தையலப் பிரிச்சுரலாம். இடது தோல வலது பக்கமும் வலது தோல இடது பக்கமும் வச்சுத் தச்சா, மூஞ்சிக்கு மூஞ்சி வந்துருதா இல்லையா?

— வந்துரும். ஆனா தோலு துணியில்ல. ஊசி ஒருக்கா எறங்குன ஓட்ட மூடாது. பழைய ஓட்ட பூரா வரிசையாப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கும்.

— ஓட்ட மேல பூ வரஞ்சுர்றேன். அந்தப் பெரிய கொரியாப் பூ, அது எவ்ளோ ஓட்டையையும் மறைக்கும். நான் வரையறேன், நீங்க தைங்க. ரெண்டு பேரும் உக்காந்தா கல்யாணத்துக்குள்ள முடிச்சுரலாம்.

— அவங்க கேட்டாங்களா, மாத்தித் தச்சுக் கொண்டான்னு?

— கேக்கல.

— அப்ப என்னதான் சொன்னாங்க?

— வேண்டாம்னாங்க.

— எப்படிச் சொன்னாங்க?

— தமிழ்லயே சொன்னாங்க. வேண்டாம்மா, வேண்டாம்னு. ஆனா வாசக்கதவு வரைக்கும் வந்தாங்கங்க. கோவமா இருந்தா வருவாங்களா? மூட்டையத் தூக்கி என் தோள்ல வச்சும் விட்டாங்க.

— மெஹக். அது போய்ட்டு வான்னு அனுப்பறது.

— நீங்க ஏங்க இப்படியே பேசறீங்க? இந்த ஒரு ஆர்டரு கெடச்சுட்டா பெங்களூர் குடோன் வேலைக்குப் போக மாட்டேன்னு சொன்னது நீங்கதான? முடிவு தெரியட்டும், அப்பறம் பேசிக்கலாம்னு சொன்னீங்கல்ல? நான் திருப்பிச் செஞ்சு கொண்டுபோறேன். அவங்க பாக்கட்டும். பாத்துட்டும் வேண்டாம்னா அப்பப் போங்க, நான் தடுக்கல.

— ம்.

— ம்முன்னா? வூட்டுக்கு வந்ததும் பிரிக்க ஆரம்பிச்சுரலாம். மெஷினுக்கு ஊசி மட்டும் புதுசா மாத்தி வைங்க. அலீனாவ ஸ்கூல்ல இருந்து நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துருங்க, நான் வர நேரமாவும் போல.

— அலீனாவ பக்கத்து வூட்டு குல்ஷன் அக்கா கூட்டிக்கிட்டு வந்துரும். சொல்லிருக்கேன்.

— அவங்க எதுக்கு? அவங்களே முட்டிவலியோட கெடக்கறாங்க. வூட்லதான இருக்கீங்க?

— கொஞ்சம் வேல இருக்குது.

— என்ன வேல? செருப்புக் கடைய மூடி எவ்ளோ நாளாவுது!

— மெஹக், நான் போனா அலீனா ரொம்ப அழுமா?

— போவாதீங்கன்னுதான மூட்டையத் தூக்கிக்கிட்டு அலையறேன்! அது ராத்திரி உங்க சட்டையப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குது. நீங்க இல்லாம நான் எப்படி இருப்பேன்னு கேக்கறீங்களா? அதையும் கேளுங்க. எனக்கு முடியாதுங்க. சொல்லிட்டேன்.

— அழாத. பஸ்ல எல்லாரும் பாப்பாங்க.

— பாக்கட்டும். பஸ்சே நின்னு போச்சு. காரிமங்கலத்துல பாலம் கட்டறாங்களே, அங்கதான். இந்தப் பக்கமும் வண்டி நவுரல, அந்தப் பக்கமும் நவுரல. டிரைவரு எறங்கி பீடி பத்த வச்சுட்டாரு.

— தெரியுது.

— நவுந்துட்டா அர மணி நேரத்துல வந்துருவேன். சாயா போட்டு வைங்க, வரும்போது குடிச்சுட்டு நேரா வேலையில உக்காந்துரலாம்.

— துப்பட்டா ஜன்னலுக்கு வெளிய தொங்குது. உள்ள இழுத்துக்க.

— இழுத்துட்டேன். இருங்க, உங்களுக்கு எப்படிங்க தெரியும்?

— வூட்டுச் சாவி குல்ஷன் அக்காகிட்ட இருக்குது.

— நான் கேட்டது அது இல்லைங்க.

— எதிர்த்தாப்ல நிக்கற பெங்களூர் பஸ்ல இருக்கேன், மெஹக். நீ ஃபோன் பண்றதுக்கு முன்னாடியே டிக்கெட் எடுத்துட்டேன்.