பதினோராவது கதையின் மூச்சு

பிற்பகல் மூன்று மணி. மூடிக் கிடக்கும் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றின் பின்சுவரில் போய் முட்டி நிற்கிற சாலை. ஆள் இல்லை. நாய்கூட இல்லை. சாலையின் கடைசியில் ஒரு பழைய கார்... கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருக்கின்றன. பின் இருக்கையில் ஒரு பெண். வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் என் நண்பனின் அண்ணி.

"பட்டப்பகல்ல பேயா? ஷிஃப்ட் மாத்திக் குடுத்துட்டாங்களோ?" என்றார் உங்களில் தபால்காரராக இருப்பவர். இருட்டில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மின்சாரம் போய் அரை மணி நேரமாகிறது. ஒலிவாங்கிகள் செத்துக் கிடக்கின்றன. புதிதாகச் சேர்ந்த ஏழு பேரும் ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தப் பெண் செய்துகொண்டிருந்த வேலையைத்தான் நாளை முதல் நீங்களும் செய்யப் போகிறீர்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில், கார் எதற்கு? பழைய பேய்க் கதைகளைச் சம்பளம் இல்லாமல் படித்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கட்டும் என்று போடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு ஒலிப்பதிவுக் கூடம் ஏது? வீட்டில் மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குழந்தை, குழாய். காரில் இருக்கையெல்லாம் பஞ்சு, கூரையில் துணி. குரல் போய் மோதித் திரும்பி வர இடமே இல்லை. ஆள் இல்லாத சாலையில் நிறுத்திவிட்டால் அதைவிட நல்ல கூடம் கிடையாது.

நண்பனின் அண்ணன் அப்படித்தான் பதிவு செய்தார். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்துக் கொடுப்பது அவர் தொழில். வாய் திறக்க மாட்டார். வீட்டில் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அதில் பாதி 'உம்'. ஆனால் கடைக்கு மதிய இடைவேளை விட்டதும் காரை எடுத்துக்கொண்டு அந்தச் சாலைக்குப் போய், மூன்று மணிக்கு ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்தால்... வேறு ஆள். பதினொரு கதைகள் உள்ள ஒரு பழைய தொகுப்பு. பத்து கதைகளைப் படித்து அனுப்பிவிட்டார்.

பதினொன்றாவதற்கு முன்னால், ஒரு காலையில், கடையிலேயே, உட்கார்ந்தபடியே போய்விட்டார். தேய்க்கிற சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்ததாம்.

அண்ணியிடம் அவர் குரல் வேறெங்கும் இல்லை. கல்யாண வீடியோவில்கூட அவர் தலையைத்தான் ஆட்டுகிறார். அந்தப் பத்து கதைகள்தான் குரல். நாலரை மணி நேரம்.

நம் குழுவில் ஒரு விதி உண்டு: ஒரு புத்தகத்துக்கு ஒரே குரல். படிக்கிறவரிடமிருந்து தொண்ணூறு நாள் எதுவும் வரவில்லையென்றால் புத்தகத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம். பழைய பதிவுகளை எடுத்துவிடுவோம். அந்த எச்சரிக்கை அண்ணன் பெயருக்கு வந்தது. இன்னும் இருபது நாள்தான் பாக்கி. அண்ணி அவர் கணக்கைத் திறந்து, அவராகவே பதில் எழுதினாள். 'கொஞ்சம் உடம்பு சரியில்லை. கடைசிக் கதையை அனுப்பிவிடுகிறேன்.'

"என்ன அண்ணி இது? அண்ணன் போயிட்டாருன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுது. நல்ல மனுஷங்க, புரிஞ்சுக்குவாங்க" என்றான் நண்பன். அதே வீட்டில்தான் அவனும் இருந்தான்.

"புரிஞ்சுக்கிட்டு? பத்தையும் அழிச்சுட்டு ஆழ்ந்த அனுதாபம்னு ஒரு பூப்படம் அனுப்புவாங்க. அவர் வாழ்நாள்ல ஆசைப்பட்டு செஞ்சது இது ஒண்ணுதான் தம்பி. அதை வேற எவனோ வாய்க்கு விட்டுக்குடுக்க மாட்டேன்."

"பதினொண்ணாவதை யார் படிக்கறது?"

"அவர்தான்."

எப்படி என்று கேட்கிறீர்கள் அல்லவா? யோசித்துப் பாருங்கள். பேய்க் கதைகளில் வார்த்தைகள் எவ்வளவு? கதவு, இருட்டு, படி, குளிர், யாரோ, மெல்ல... பத்து கதைகளில் எல்லாமே வந்திருக்கும். பதினொன்றாவது கதையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையையும் பத்து கதைகளிலிருந்து தேடி வெட்டி எடுத்தாள். கிடைக்காத வார்த்தைகளை இரண்டு பாதியாகச் சேர்த்தாள். 'நிலவறை' வேண்டுமென்றால் 'நிலவு' ஓரிடத்திலிருந்து, 'அறை' ஓரிடத்திலிருந்து. இராப்பகலாகப் பதினைந்து நாள். கண் இரண்டும் கோவைப்பழம்.

இரண்டு சிக்கல்கள் வந்தன. ஒன்று, மூச்சு. நாம் பேசும்போது வார்த்தையோடு மூச்சும் ஒட்டிக்கொண்டு வரும். திரையில் ஒலி மலைத்தொடர் மாதிரித் தெரியும். மூச்சு அடிவாரத்தில் சின்ன மேடு. வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்த வார்த்தைகளை அந்த மேட்டோடு ஒட்டினால் ஒட்டு தெரிந்துவிடும். அண்ணி எல்லா மூச்சையும் நறுக்கி எறிந்தாள்.

இன்னொன்று, மௌனம். எல்லா மௌனமும் ஒன்றல்ல. இந்த அறையின் மௌனம் வேறு, மாடிப்படியின் மௌனம் வேறு. இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் வெறும் சூனியத்தை வைத்தால் காது குழியில் விழுந்த மாதிரி திடுக்கிடும். எந்த இடத்தில் பதிவு செய்தோமோ அந்த இடத்தின் மௌனத்தையே கொண்டுவந்து நிரப்ப வேண்டும். அதற்காகத்தான்... அதே கார், அதே சாலை, அதே மூன்று மணி. இரண்டு நிமிட மௌனம் போதும்.

பதிவை ஓடவிட்டாள். வெயிலில் சூடேறிய கூரைத் தகடு 'டிக்... டிக்' என்றது. பிறகு அதுவும் நின்றது. ஒரு நிமிடம் ஆயிற்று. காருக்குள் ஒரு வாசனை... நனைந்த கல்தூள். வில்லை தேய்க்கிற இடத்தில் வருமே, அது. ஒன்றரை நிமிடம். முன்னால் ஓட்டுநர் இருக்கை... 'கிர்ர்ர்' என்று மெதுவாக அமுங்கியது. ஒருவர் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு.

நீங்களோ நானோ என்றால் கதவைப் பிய்த்துக்கொண்டு ஓடியிருப்போம். அண்ணி அசையவில்லை. அசைந்தால் பதிவு கெட்டுவிடும். துண்டை இன்னும் அழுத்திக்கொண்டு முப்பது வினாடியை எண்ணி முடித்தாள்.

அந்த மௌனத்தைத்தான் வார்த்தைகளுக்கு நடுவில் வைத்துத் தைத்தாள். முப்பத்தொரு நிமிடம் வந்தது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அனுப்பினாள்.

நாம் அனுப்புகிற பதிவை இன்னொருவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி கேட்பார். பிழை இருந்தால் எத்தனாவது நிமிடம், எத்தனாவது வினாடி என்று குறித்து அனுப்புவார். அந்தத் தொகுப்புக்குக் கேட்டது பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்ற ஓர் அம்மா. குழுவில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். அடுத்த நாளே குறிப்பு வந்துவிட்டது.

'சார், ஒரு பிழையும் இல்லை. ஆனால் முப்பத்தொரு நிமிடத்தில் நீங்கள் ஒரு தடவைகூட மூச்சு விடவில்லை. கேட்கிற எனக்கு முட்டுகிறது. திருத்தவும்.'

அண்ணி மறுபடி உட்கார்ந்தாள். அண்ணனின் பழைய பதிவிலிருந்து மூன்றே மூன்று மூச்சுகளை எடுத்து, நாற்பது இடங்களில் மாற்றி மாற்றி ஒட்டி அனுப்பினாள்.

'சார், இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்பதாவது நிமிடத்துக்குப் பிறகு உங்களுக்கு இரைக்கிறது. போகப் போக அதிகமாகிறது. கடைசிப் பக்கத்தில் மாடி ஏறி வந்தவர் மாதிரி வாங்குகிறீர்கள். டாக்டரைப் பாருங்கள். கதை எங்கே ஓடிப்போகிறது?'

நண்பன் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தான். திரையில் நாற்பது மேடு இருந்திருக்க வேண்டும். நூற்றுக்கு மேல் இருந்தன. அண்ணி ஒட்டிய மூன்று வடிவங்களில் ஒன்றைப் போலவும் அவை இல்லை. ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலம்.

"அண்ணி... இது நீங்க போட்டதா?"

"இல்ல."

"அப்போ?"

"அவருக்கு வேணும்னு எடுத்துக்கிட்டார்." குரலில் பயம் இல்லை. பசி இருந்தது என்றான் நண்பன். அந்த வார்த்தையைத்தான் சொன்னான்.

பாம்புக்காது கடைசியாக ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். நம் வழக்கம் ஒன்று, மறந்துவிடாதீர்கள்: ஒவ்வொரு கதையும் முடிந்ததும் படித்தவர் 'முற்றும்' என்று சொல்லி நிறுத்த வேண்டும். பதினொன்றாவதில் அது இல்லை. அதை மட்டும் சேர்த்துவிட்டால் புத்தகம் வெளியாகிவிடும்.

அண்ணி சேர்க்கவில்லை.

இந்த இடத்தைக் கவனியுங்கள். வெளியான கதை மூடிய கதை. அதற்குப் பிறகு யாரும் தொட முடியாது. திருத்தம் பாக்கி இருக்கும்வரை பதிவு திறந்தே இருக்கும். கெடுவும் ஓடாது, புத்தகமும் கைமாறாது. எழுதப்பட்ட விதி இது, நானே ஓட்டுப் போட்டிருக்கிறேன். 'நாளை சேர்க்கிறேன்' என்று அண்ணன் பெயரில் வாரம் ஒரு பதில் போனது. அவ்வளவுதான்.

பதிவு நீள ஆரம்பித்தது.

முப்பத்தொரு நிமிடம் முப்பத்தாறு ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. அண்ணி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள்; பதிவைக் கேட்கிற காதொலிக் கருவியைக் கழற்றுவதே இல்லை. நண்பன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் பாம்புக்காதுக்கே தொலைபேசியில் பேசினான். அண்ணன் இறந்து ஆறு மாதம் ஆகிறது என்றான்.



"அப்போ நான் டாக்டரைப் பாருன்னு திட்டினது யாரைப்பா?" என்றார் அந்த அம்மா. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நேத்து முழுசும் கேட்டேன். இப்போ அஞ்சு மணி நேரம் இருக்கு. கதை முடிஞ்சப்புறம் வெறும் மூச்சு, வெறும் மூச்சு... ஓடி ஓடிக் களைச்ச மனுஷனோட மூச்சு. நாலு மணி பன்னிரண்டாவது நிமிஷத்துல ஒரே ஒரு வார்த்தை. புத்தகத்துல தேடிட்டேன், இல்ல. 'போதுமா?'ன்னு கேட்கறார். படிக்கிற குரல் இல்லப்பா அது. வீட்ல பேசற குரல். பாவம்ப்பா, விட்டுடச் சொல்லு அந்தப் பொண்ணை."

நண்பன் ஓடினான். அண்ணி சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவன் கணினியின் முன்னால் உட்கார்ந்து முதல் கதையைத் திறந்தான். கடைசியில் அண்ணன் சொல்லியிருக்கும் அந்த ஒரு வார்த்தையை எடுத்துப் பதினொன்றில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. கடைசிக்குப் போனான். வெட்டு. இரண்டாவது கதை. வெட்டு. மூன்று, நான்கு... பத்திலும் 'முற்றும்' இருந்த இடம் வழித்து எடுத்திருந்தது.

"தேடாதே தம்பி. குழுவுக்கு அனுப்பினதுலயும் சேர்த்து எல்லாத்தையும் எடுத்துட்டேன்" என்றாள் வாசலில் நின்று.

"அண்ணி, அவருக்கு முடியல அண்ணி! கேக்கறாராம்! போதுமான்னு கேக்கறாராம்!"

அண்ணி வந்து அவன் கையை மெதுவாக விலக்கிவிட்டு, காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திருத்தங்களைக் குறித்து வைக்கிற நோட்டு மேசையில் திறந்தே கிடந்தது. நண்பன் குனிந்து பார்த்தான்.

பாம்புக்காதுக்குக் கேட்டது ஒரு தடவை. நோட்டில் பக்கம் பக்கமாக இருந்தது. மணி, நிமிடம், வினாடி. எதிரில், 'போதுமா?' அடுத்த வரியில் மறுபடி மணி, நிமிடம், வினாடி. 'போதுமா?' ஒவ்வொன்றுக்கும் கீழே, அண்ணியின் குண்டு குண்டுக் கையெழுத்தில், அவள் அவருக்குச் சொன்ன பதில்.

'இன்னும் கொஞ்சம்.'