கேட்டை மூடாமல் கொடுத்த நம்பர்

— பொய் சொல்லாதீங்க. பொட்டலத்துல நேத்தும் ஒன்பது மாத்திரை, இன்னைக்கும் ஒன்பது.

— தலை சுத்தினாத்தானே ஜெபா மாத்திரை? எனக்குத்தான் ஒண்ணும் சுத்தலையே.

— சுத்தினாலும் சுத்தாட்டியும் தெனம் ஒண்ணுன்னு டாக்டரு சொன்னாரா இல்லையா? இந்தப் பிரஷரு வலிக்காமலே மூளைக்குப் போற சின்னச் சின்ன ரத்தக்குழாயைக் கெடுத்துக்கினு வருதாம். உங்க மறதியெல்லாம் அதனாலதானாம். அதைக்கூட மறந்துட்டீங்களா?

— உப்பைக் கொறைன்னும்தான் சொன்னாரு. நீ அதை மட்டும் கெட்டியாப் புடிச்சிக்கினே. உன் கொழம்பு, மாட்டுக்குக் காட்டற கழனித்தண்ணி மாதிரி கீது.

— சிரிக்காதீங்க. ரயில்வே டாக்டரண்ட போவாம உங்களைச் சித்தூருக்கு ஏன் இட்டுக்கினு போனேன்? அவரு மறதின்னு ஒரு வரி எழுதினா கேட்கீப்பரு வேலையும் போச்சி, இந்தக் கோட்டர்சும் போச்சி. எம்பத்திரெண்டாம் வருஷம் ரிட்டயரு. இன்னும் ரெண்டே வருஷம். அதுவரைக்கும் ஏசப்பா தாங்கணும்.

— இரு, இரு. என்னமோ நான் ஒண்ணுமே தெரியாதவனாட்டம் பேசறே. தூக்கத்துல எழுப்பிக் கேளு, சொல்றேன். ஸ்டேஷன்லேர்ந்து போன் வரும். கேட்டை மூடணும். பூட்டணும். பூட்டின பொறவுதான் இந்தத் தாள்ல அடுத்த நம்பரைப் பாத்து ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொல்லணும். சொன்ன நம்பரைக் கோடு போட்டு அடிச்சிடணும். நம்ம நம்பரு கெடைச்சாத்தான் அவரு கைகாட்டி சிக்னலை எறக்குவாரு, வண்டி வரும். தப்பு இருக்குதா?

— தப்பில்லை. அப்போ இந்த அறுபத்துமூணு?

— எது?

— தாள்ல அறுபத்துமூணை அடிச்சிருக்கீங்க. நான் தண்ணிக்குப் போவசொல்ல அது அடிக்காமத்தானே இருந்துது.

— அடிச்சேனா?

— மை காயலை. பாருங்க, வெரல்ல ஒட்டுது. எந்த வண்டிக்கு?

— இரு ஜெபா, இரு. போன் அடிச்சிது. "சீக்கிரம், அசரியா!"ன்னு மாஸ்டரு அவசரப்படுத்தினாரு. முட்டி வேற வலி. நம்பரைச் சொல்லிட்டு அப்பறமா மூடிக்கலாம்னு... தண்ணி குடிக்க உள்ள வந்தேன். நீ வந்து மாத்திரையை எண்ண ஆரம்பிச்சே.

— ஏசப்பா! திருப்பதி பேசஞ்சரு! மொட்டை போட்டுக்கினு வர்ற ஜனம் அவ்ளோவும் அதுலதான் வரும். கேட்டு பப்பரப்பேன்னு தெறந்து கீது!

— சாவி... சாவியை எங்க வெச்சேன்?

— உங்க இடுப்புல! கொடுங்க இப்படி! செவப்புக் கொடியை எடுத்துக்கினு லைன்ல ஓடுங்க! யாரு அது தண்டவாளத்து மேல? கன்னையா! கரும்பு வண்டியை நவுத்து! ரயிலு வருது!

— இன்னா அக்கா சொல்றே? கேட்டு தெறந்துதானே இருந்துது! ஐயோ, சக்கரம் சந்துல மாட்டிக்கினுதே! பாரம் ஜாஸ்தி, மாடு இழுக்கல!

— வாலை முறுக்கு! நான் பின்னாலேர்ந்து தள்றேன்!

— ஊதறான் அக்கா! ஹை! ஹை! செவலை, இழுறா என் ராசா!

— தள்ளு! ஏசப்பா, தள்ளு!

— சக்கரம் வெளிய வந்துட்சி! வந்துட்சி அக்கா! நீ அந்தப் பக்கம் இழுத்து மூடு, நான் இந்தப் பக்கம் மூடறேன்!

— பூட்டியாச்சி. அம்மாடி! ஆமா, ரயிலு எங்க கன்னையா? இன்னேரம் தாண்டியிருக்கணுமே?

— அதோ பாரு, கைகாட்டியண்ட நிக்குது. கைகாட்டி ஏறி கீது. அதான் ஊதிக்கினே நிக்கறான்.

— ஸ்தோத்திரம்! ஏசப்பாதான் கையை நீட்டி நிறுத்தினாரு. கன்னையா, நீ ஒண்ணும் பாக்கலை. கேட்டு மூடித்தான் இருந்துது. தெரிஞ்சுதா?

— நான் இன்னாத்தைப் பாத்தேன்? ஏமீ சூடலேது, ஒண்ணும் பாக்கலை அக்கா. அண்ணன் நல்லா இருந்தா போதும். நான் ஆலைக்குப் போறேன்.

— இன்னாங்க, கொடியோட ஓடச் சொன்னா போனண்டையே நிக்கறீங்க? சரி, போவட்டும். என் மூஞ்சைப் பாருங்க. கன்னையா வாயைத் தெறக்க மாட்டான். யாரு கேட்டாலும் ஒரே பேச்சு. கேட்டை மூடினேன், பூட்டினேன், அப்பறம்தான் நம்பரு கொடுத்தேன். எங்க, சொல்லுங்க.

— கேட்டை மூடினேன்...

— ம். பூட்டினேன்.

— ஜெபா, வண்டியை நிறுத்தினது மாஸ்டரு.

— அவருக்கு எப்படித் தெரியும்?

— நான்தான் போன்ல சொன்னேன். அறுபத்துமூணு பொய் நம்பரு, கேட்டு தெறந்து கீது, கைகாட்டியைத் தூக்குங்கன்னேன். தலை சரியில்லை, கேட்டுக்கு வேற ஆளை அனுப்புங்கன்னும் சொல்லிட்டேன்.

— ஐயோ! வண்டி நின்னதே போதுமே! மத்ததைச் சொல்ல, நான் வர்ற வரைக்கும் பொறுக்கக்கூடாதா?

— பொறுத்திருந்தா மறந்துட்டிருப்பேனே ஜெபா.