நிதிஷைக் கீழே இறக்கிய கதை

சாயங்காலம் ஐந்தே முக்கால் மணி. ரோடு என்று சொல்ல முடியாது... பனியில் பூட்ஸ் பதிந்து பதிந்து விழுந்த ஒற்றைத் தடம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் மூட்டம். கீழே பேஸ் கேம்ப், மேலே கடைசி கேம்ப். அங்கே கொஞ்ச நேரம் படுத்து, நடு ராத்திரியில் எழுந்து உச்சிக்குக் கிளம்புவார்கள். கூட வந்தவர்கள் எல்லாம் முன்னால் போய்விட்டார்கள். கடைசி ஆளாகத் தனியாக ஏறிக்கொண்டிருந்தவன் காலித். என் தோஸ்து அலி அக்பரின் கூடப் பிறந்த தம்பி. அதனால் இதை யாரோ சொன்னதாக நினைக்காதீர்கள்.

நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.

"எந்த மலைண்ணா?" என்றாள் சைமா.

மனாலிக்கு அப்பால். நம் மணலி இல்லை தாயே... அங்கே ஏறுவதற்கு டேங்கர் லாரிதான் இருக்கிறது.

காலித்துக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. வறட்டு இருமல் இல்லை. லொக்... லொக்... கடைசியில் தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு களகளப்பு. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அது யாருடைய இருமல் என்று அவனுக்குத் தெரியும். அந்த ஆள் செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

செத்தவன் பெயர் நிதிஷ். முகத்துவாரக்குப்பம். அம்மா புஷ்பவல்லி, மீன் விற்கிறவர். அவருக்கு ஒரே பிள்ளை. காலித்தும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். நிதிஷுக்கு மலை என்றால் பைத்தியம். நம் பக்கம் உயரம் என்று இருப்பதே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிதான், அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்படி ஒரு ஆசை. போன வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினார்கள். காலித்துக்கு இந்தி வரும், பர்மா பஜார் கடையில் கற்றது. நிதிஷுக்கு ஒரு வார்த்தை வராது.

பேஸ் கேம்ப்பில் நிதிஷ் இருமினான். வழிகாட்டியை எல்லோரும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வந்து காலித்திடம் இந்தியில் ஏதோ கேட்டார்.

"இன்னா கேக்குறாரு மாமு?" என்றான் நிதிஷ்.

"இருமல் எத்தினி நாளா கீதுன்னு கேக்குறாரு."

"நம்மூர்ல எவனுக்குடா இருமல் இல்ல? பொறந்ததுலேர்ந்துன்னு சொல்லு."

காலித்தும் சிரித்துக்கொண்டே அப்படியே சொன்னான். எங்கள் ஊரில் சாம்பல், புகை, எல்லோருக்கும் இது உண்டு என்றான். பொய் இல்லையே. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் யாருக்கு இல்லை? உஸ்தாத்தும் சரி, ஏறட்டும் என்றுவிட்டார்.

அவ்வளவு உயரத்தில் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உடனே கீழே இறக்கினால்தான் ஆள் பிழைக்கும். கடைசி கேம்ப்பில் டென்டுக்குள் நிதிஷ் இருமிக்கொண்டே கிடந்தான். பழகின இருமல்தானே என்று காலித் தூங்கிவிட்டான். பன்னிரண்டரைக்கு எல்லோரையும் எழுப்பினார்கள். நிதிஷ் மட்டும் எழுந்திருக்கவில்லை.

உடலை ஊருக்குக் கொண்டு வந்தார்கள். காரியம் முடிந்த அன்று காலித் எதையும் மறைக்காமல் புஷ்பவல்லி அம்மாவிடம் சொல்லி அழுதான். அவர் அவனைத் திட்டவில்லை.

"ஒடம்பத்தான் எறக்கினு வந்தீங்க. எம்புள்ள இன்னும் மேலதான் கீறான். ராவெல்லாம் மூச்சு இழுக்குறது எனக்குக் கேக்குது. நீயே போயி எறக்கினு வா நைனா."

அந்த அம்மா கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூட என் தம்பி தூங்கியிருப்பான் என்பான் அலி அக்பர்.

அதற்காகத்தான் காலித் இந்த வருஷம் மறுபடி போனான்.

இப்போது அந்தத் தடத்துக்கு வாருங்கள். அவன் நின்றால் இருமலும் நின்றது. நடந்தால், பனி நெரியும் சத்தம்... அவனுடையது ஒன்று, அரை நொடி கழித்து இன்னொன்று. அந்தக் குளிரில் எதற்கும் வாடையே கிடையாது. ஆனால் அவனுக்கு முகத்துவாரத்துச் சேற்று வாடை அடித்தது, டீசலும் கருவாடும் கலந்து.

மேலேயிருந்து டார்ச் வெளிச்சம் இறங்கி வந்தது. இந்த வருஷத்து உஸ்தாத். வேறு ஆள், பழைய விஷயம் எதுவும் தெரியாதவர். காலித்தின் தோளைத் தாண்டிப் பின்னால் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"அவருக்கு இந்த இருமல் எப்போதிலிருந்து?" என்று இந்தியில் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதினோரு மாதமாக காலித் பதில் வைத்திருந்தான். "இங்கே வந்த பிறகுதான்" என்றான். "அவனைக் கீழே கூட்டிப் போகணும்."

"இரண்டு பேராக இருக்கிறீர்கள், பயமில்லை. இறங்கிவிடுங்கள்" என்றார் உஸ்தாத்.

காலித் திரும்பினான். எதிரே யாரும் இல்லை. இருமல் மட்டும் மறுபடி முதுகுக்குப் பின்னால்... பேஸ் கேம்ப்பில்கூட அவன் நிற்கவில்லை. இறங்க இறங்கக் களகளப்பு குறைந்தது. பஸ்ஸில் மூச்சு கொஞ்சம் சீரானது. ரயிலில் அவனுக்கு அப்பர் பெர்த். அதில் ஏறவே இல்லை. இரண்டு ராத்திரியும் தரையில் துண்டை விரித்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டுப் படுத்திருந்தான்.

குப்பத்துக்கு வந்தபோது விடிந்துகொண்டிருந்தது. கூப்பிடும் முன்பே கதவு திறந்தது. புஷ்பவல்லி அம்மா அவனுக்குப் பின்னால் பார்த்து, "வந்துட்டியாடா" என்றார். உள்ளே பாய் விரித்து வைத்திருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மூன்றாம் நாள் ராயபுரத்தில் அலி அக்பர் வீட்டு வாசலில் புஷ்பவல்லி அம்மா வந்து நின்றார். "காலித்து, இன்னும் இழுக்குது நைனா. நெஞ்சுல தண்ணி நிக்குது. இன்னும் கீழ எறக்கணும்."

நம் ஊருக்குக் கீழே என்ன இருக்கிறது? கடல்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் காலித் முகத்துவாரத்தில் இறங்குகிறான். முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு. சொன்னால் கேட்கிற ஆளா? "நான்தான் ஏத்தி வுட்டேன், நான்தான் எறக்கணும்" என்கிறான். வேறு வழியில்லாமல் அலி அக்பர் அவன் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கரையில் பிடித்துக்கொள்வான். இருட்டியதும் இழுத்துக் கரையேற்றுவான்.

நேற்று அலி அக்பருக்கு ஹார்பரில் ஷிஃப்ட். கயிற்றை நான் பிடித்தேன். காலித்துக்குத் தண்ணீர் கழுத்தளவு. புஷ்பவல்லி அம்மா என் பக்கத்தில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நின்றார். "இழுக்குறது கொறஞ்சிகினே வருது" என்று சிரித்தார். நிதிஷ் போன பிறகு அந்த அம்மா சிரித்து நேற்றுதான் பார்த்தேன். பிறகு என் கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் லூசு வுடு நைனா. இன்னும் ஒரே ஒரு எட்டு எறங்கட்டும்."

பாவமாக இருந்தது... ஒரு முழம் விட்டுவிட்டேன். உடனே பயந்துபோய் இழு இழு என்று இழுத்துக் கரையில் போட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இன்றைக்கும் அலி அக்பருக்கு ஷிஃப்ட். எனக்கு அங்கே போகத் தைரியம் வரவில்லை. அதனால்தான் உங்களோடு உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்கிறேன்.

"அப்ப இன்னிக்கி கயித்த யாருண்ணா புடிச்சா?" என்றான் அஃப்ரித்.

"நானே புடிச்சிக்கிறேன்னு புஷ்பவல்லிம்மா போன் பண்ணாங்கடா."